இரவு ஷிஃப்டில் ஹொனோரியா

பன்னிரண்டு அடித்தால் டேட்டா புதுசாகும்.
அதுவரை கொழுந்தைப் புரட்டுவோம்
நானும் பிலோமினாவும்,
கட்டபெட்டு ஃபாக்டரியின் மாடியில்
காற்றாடி இரைகிற நீளத் தொட்டிகளில்.
பிறகு காலிச் சாக்கில் சாய்த்துவைத்த போனுக்குள்
மாளிகைக் கதவு திறக்கும்.

தமிழில் பேசுகிறார்கள் எல்லோரும்.
உதடு முன்னால் போகிறது,
சொல் பின்னால் ஓடிவருகிறது.
பிரபுவுக்கும் தோட்டக்காரன் டாபினுக்கும்
ஒரே ஆளின் குரல்.
தானே உத்தரவு போட்டு
தானே 'ஆகட்டும் பிரபு' என்கிற அந்த ஆள்
வடபழனிப் பக்கம் ஏதோ கண்ணாடி அறையில் நின்று
எவ்வளவு வாங்கியிருப்பார் என்று கணக்குப் பார்த்தோம்.
ஒரு சம்பளமா, இரண்டா.

எட்னாவை எனக்குப் பிடிக்காது.
பாத்திரம் கழுவுகிற பெண்.
கதவிடுக்கில் காது வைப்பாள்,
எதற்கெடுத்தாலும் ஏப்ரனில் மூக்கைத் துடைப்பாள்.
அத்தனை சட்டி தேய்த்தும்
நகம் உடையாத கை.

எனக்கு ஹொனோரியா.
இரண்டாவது மகள். வாய்க்கொழுப்பு.
அக்காவுக்கு வந்த கடிதத்தைக் கணப்பில் போட்டவள்.
மன்னிப்புக் கேள் என்று குடும்பமே சுற்றி நின்றபோது
ஜன்னலைப் பார்த்து
'மழை விட்டுவிட்டது' என்றவள்.

'நீயெல்லாம் ஒரு மனுசியா' என்பாள் பிலோ.
'நாம வேலைக்காரங்க. வேலைக்காரி பக்கம் நில்லு.'
'போனுக்குள்ளயும் நான் வேலைக்குப் போகணுமா' என்றேன்.
இரண்டு நாள் பேச்சில்லை.
இருப்பது ஒரே போன் என்பதால்
பேசாமலே தோளிடித்துப் பார்த்தோம்.

பட்லர் பிராக்டர் விஷயத்தில் மட்டும் சண்டையில்லை.
வீட்டில் இழவு விழுந்த அன்றும்
கையுறையில் சுருக்கம் விழாத மனிதன்.
விடியப்போகும் நேரம் கேட்டருகே
பனிக்குள்ளிருந்து வந்து நிற்கும் காட்டெருமைக்கு
அவன் பேரைத்தான் வைத்தோம்.
உடம்பெல்லாம் கறுப்புக் கோட்டு,
முட்டிக்குக் கீழே நாலு காலிலும் வெள்ளை.
'பிராக்டர் வந்தாச்சு' என்றால்
சூப்பர்வைசர் போஜன்கூட பைக்கை அணைத்துவிட்டு நிற்பார்,
அதற்காக மனசு வந்து நகரும்வரை.

ஆனால் அந்தத் தேநீர்.
அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.
பாகத்துக்குப் பாகம் ஊற்றுகிறார்கள்,
ஆவி வருவதில்லை.
நிறமும் சரியில்லை,
வெல்லம் கரைத்த தண்ணி.
நிச்சயம் முறிந்த அன்று ஹொனோரியா
கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு
நாலு நிமிஷம் அழுதாள்.
மூன்று சீசனில் அவள் அழுதது அன்றுதான்.
'ஆறிப்போகுது, குடிச்சிட்டு அழு'
என்று போனைப் பார்த்துக் கத்திவிட்டேன்.
ரோலர் பக்கமிருந்து யாரோ என்னவென்று கேட்டார்கள்.

ஒருமுறை, ஒரே ஒருமுறை
செய்தித்தாளை மடித்தபடி பிரபு சொன்னார்,
'தேயிலைத் தோட்டத்தில் நஷ்டமாம்.'
எந்த மலை என்று சொல்லவில்லை.
பிலோ பின்னால் தள்ளி மறுபடி கேட்டாள்.
மறுபடியும்.
சொல்லவில்லை.
அடுத்த காட்சியில் நாய்க்குட்டி வந்தது.

கடைசிப் பாகம் நேற்று.
வீடு ஏலத்தில் போய்விட்டது.
நாற்காலிகளுக்கு வெள்ளைத் துணி போர்த்துகிறாள் எட்னா.
நேராகத்தான் போர்த்தினாள், அதையும் சொல்லணும்.
ஹொனோரியா வண்டியில் ஏறி உட்கார்ந்து
ஓட்டுகிறவனிடம் எதையோ சொல்ல வாய் திறக்க
மேகம் டவரை மூடிவிட்டது.
வட்டம் சுற்றுகிறது.
பாதி திறந்த வாயோடு
தொப்பியில் ஒரு இறகுகூட ஆடாமல்
அவள் அப்படியே.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பிலோதான்,
மாசக்கணக்கில் அவளைத் திட்டித் தீர்த்த பிலோதான்
குரலைக் கொஞ்சம் மெலிதாக்கி,
'ம். போலாம்.
திரும்பிப் பாக்காம ஓட்டு' என்றாள்.

முதல் தடவையாக
சொல் முன்னால் போயிற்று.
உதடு இன்னும் வரவில்லை.

கீழே போஜனின் பைக் அணைகிற சத்தம்.
தொட்டியில் இன்னும் ஒரு புரட்டு பாக்கி.